கொஞ்சம் லூசாவே எடுத்துக்கோ!

பெருமுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் இருக்கிறதே, அந்தப் பெருமுக்கல்தான். மலை உச்சியில் பழைய சிவன் கோயில், குகைக்குள் ஆதி மனிதன் கல்லில் கீறிவைத்த உருவங்கள், இடிந்துபோன கோட்டை. 1760-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அந்தக் கோட்டையைப் பிடிக்க வந்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், காயம் பட்டுத்தான் பிடித்தார். இத்தனை பழைய ஊரிலிருந்து வந்திருக்கும் கேள்வி மட்டும் ரொம்பப் புதுசு.

வாசகி சென்னையில் வேலை பார்க்கிறார். எடை 45 கிலோ. சின்ன வயசிலிருந்து 'ஊதினா பறந்துடுவே' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, ஒரு நாள் நிஜமாகவே பறந்து பார்த்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டாராம். தாய்லாந்து போய் ஸ்கைடைவிங் கற்றுக்கொள்ளப் பணம் சேர்த்தாகிவிட்டது. இரண்டு ஜம்ப்சூட்களின் படத்தை அனுப்பி, 'இதில் எது வாங்கலாம்?' என்கிறார். அம்மாவின் சிபாரிசையும் எழுதியிருக்கிறார்: "கொஞ்சம் லூசாவே எடுத்துக்கோடி. தொளதொளன்னு இருந்தாத்தான் காத்து புடிச்சு மெதுவா எறங்குவே."

அம்மா சொல்வதில் இயற்பியல் சரி, முடிவு தப்பு. பதிலை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில்தான் விழும் என்று கலீலியோ பெயரைச் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்தார்கள். 1971-ல் அப்போலோ 15-ல் நிலாவுக்குப் போன டேவிட் ஸ்காட், ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் இறகு வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. நிலாவில் காற்று இல்லை. பெருமுக்கல்லில் இருக்கிறது. காற்று இருக்கிற இடத்தில் இறகு இறகுதான், சுத்தியல் சுத்தியல்தான்.

விமானத்திலிருந்து குதித்தவர் போகப் போக வேகம் கூடிக்கொண்டே தரை வரைக்கும் வருவார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் ஆயிரம் அடியைக் கடக்கச் சுமார் 10 விநாடி ஆகும். அதற்குள் கீழே இழுக்கும் எடையும் மேலே தள்ளும் காற்றும் சமமாகிவிடும். அப்புறம் ஒரே சீரான வேகம், ஆயிரம் அடிக்கு ஐந்தரை விநாடி. குப்புறப் படுத்த நிலையில் விழுகிற சராசரி ஆளுக்கு மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். இந்த வேகத்தை நிர்ணயிப்பவை இரண்டு சமாசாரங்கள்: எடை எவ்வளவு, காற்றுக்குக் காட்டும் பரப்பு எவ்வளவு. எடையைப் பரப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம் அதற்கேற்ப வரும். எடை குறைந்தால் வேகம் குறையும், பரப்பு கூடினாலும் குறையும். ஆக, 45 கிலோ பெண் தொளதொள உடை போட்டால் இரண்டு வழியிலும் மெதுவாகிறார். அம்மாவுக்குப் பாஸ் மார்க்.

ஆனால் மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? 190 என்பது 170 ஆகும், அல்லது 165. திண்டிவனம் பைபாஸில் 165 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரை 'மெதுவாப் போகுது' என்று எந்த அம்மாவும் சொல்லமாட்டார். தரையில் பத்திரமாக இறக்குவது பாராசூட்டின் வேலை. சட்டைக்கு அதில் பங்கே கிடையாது.

சட்டையே இறக்கிவிடும் என்று நம்பிய ஒருவர் இருந்தார். ஃபிரான்ஸ் ரைக்கெல்ட், பாரிஸில் கடை வைத்திருந்த தையற்காரர். போட்டுக்கொண்டால் கோட்டு, விரித்தால் பாராசூட் என்று ஓர் உடையைத் தைத்தார். 1912 பிப்ரவரி 4-ம் தேதி அதைப் போட்டுக்கொண்டு ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து, 57 மீட்டர் உயரம், கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கக் குதித்தார். துணி அவரைச் சுற்றிக்கொண்டதே தவிர விரியவில்லை. அந்தப் படச்சுருள் இன்றைக்கும் இருக்கிறது. குதிப்பதற்கு முன் விளிம்பில் நின்று அவர் தயங்குகிற அந்தச் சில விநாடிகளைப் பார்ப்பது, விழுவதைப் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

சரி, பாராசூட்தான் காப்பாற்றுகிறது என்றால் சட்டை எப்படி இருந்தால் என்ன? நைட்டி போட்டுக்கொண்டு குதிக்கலாமே?

டாண்டம் என்றால் அநேகமாக அந்த அலட்சியத்தை அனுமதிக்கலாம். டாண்டத்தில் நீங்கள் பயிற்சியாளரின் வயிற்றோடு சேர்த்துக் கட்டப்பட்ட பார்சல். இரண்டு பேர் எடை சேர்ந்து வேகம் எகிறாமல் இருக்க, பின்னால் ஒரு குட்டிக் குடையை இழுத்து விடுவார்கள். உங்கள் எடை 45-ஆ 65-ஆ என்பது வேகத்தில் பெரிசாகத் தெரியாது. அங்கே கொடுக்கிற மேலுடையைப் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, போட்டோவுக்கு மட்டும் சிரித்தால் போதும். ஹரியானா நார்னோலில் குதிப்பவர்களும், துபாயில் பாம் தீவுக்கு மேலே குதித்துவிட்டு வந்து அந்த வீடியோவைக் கல்யாண வீட்டில் எல்லாம் காட்டுகிறார்களே, அவர்களும் பெரும்பாலும் டாண்டம்தான்.

நம் வாசகி கேட்பது தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்ளும் பாடத்திட்டம். சுமார் 13,000 அடியில் குதித்து, 5,500 அடியில் தானே பாராசூட்டை விரிக்க வேண்டும். இடையில் முக்கால் நிமிடம். ஆரம்பக் குதிப்புகளில் இரண்டு பயிற்சியாளர்கள் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு கூடவே விழுவார்கள். அப்புறம் ஒருவர். அப்புறம் அவரும் கையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார். மாணவி குட்டிக்கரணம் போட ஆரம்பித்தாலோ, உயரத்தைப் பார்க்க மறந்தாலோ, பறந்து வந்து பிடித்து நிறுத்துவது அவர் வேலை.

இங்கேதான் 45 கிலோ பிரச்னை ஆகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாராசூட் பையோடு சேர்த்து வாசகி 58 கிலோ. பயிற்சியாளர் எல்லாம் சேர்த்து 93 கிலோ என்று வைப்போம். ஒல்லியான உடம்புக்குப் பரப்பும் குறைவு என்பதால் வித்தியாசம் நாம் பயப்படுகிற அளவு இருக்காது. இருந்தும் மணிக்கு 14 கிலோமீட்டர் மாதிரி வருகிறது. அவர் 190, இவர் 176. அம்மா சொன்னபடி லூசான உடை போட்டுப் பரப்பு பத்து சதவிகிதம் கூடினால் இன்னொரு எட்டு ஒன்பது கிலோமீட்டர் போய்விடும். மொத்தம் 23 என்று வையுங்கள். விநாடிக்கு ஆறு மீட்டருக்கு மேல். கையை விட்ட ஐந்தாவது விநாடியில் பயிற்சியாளர் பத்து மாடி ஆழத்தில் இருப்பார். அண்ணாந்து பார்த்தால் மாணவி மேலே ஒரு புள்ளி. தானாக மேலேறி வர அவருக்கு வழி கிடையாது. கை கால் பரப்பித் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மாணவி தன் உயரத்துக்கு வந்து சேரும் வரை காத்திருக்கத்தான் முடியும். காத்திருக்கிற நேரத்தில் அடிகள் ஓடிக்கொண்டிருக்கும். கீழே இருப்பவர் அந்த நிலையில் குடையை விரித்துவிட்டால் மேலே இருப்பவர் அதன் மீதே வந்து விழும் அபாயமும் உண்டு.

பயத்தில் இன்னொரு கூத்தும் நடக்கும். விழும்போது இடுப்பை முன்னே தள்ளி, கை கால்களைப் பின்னுக்கு வளைத்து, வில் மாதிரி இருக்கச் சொல்வார்கள். யோகாவில் தனுராசனம் செய்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. அப்படி வளைந்தால் உடம்பு நிலையாக நிற்கும், வேகமும் சற்றுக் கூடும். பயந்த மாணவி வளைய மாட்டார். விறைத்துப்போய்ப் பலகை மாதிரி தட்டையாவார், அல்லது கட்டில் கிடைத்த மாதிரி சுருண்டு காற்றை அணைத்துக்கொள்வார். இரண்டுமே இன்னும் மெதுவாக்கும். ஒல்லியான ஆள், லூசான சட்டை, விறைத்த உடம்பு, மூன்றும் சேர்ந்தால் பட்டம்தான்.

அனுபவசாலிகளுக்கு இது தெரியும். நல்ல பள்ளிகளில் ஒல்லி மாணவர்களுக்கு எடை குறைந்த பயிற்சியாளராகப் பார்த்துப் போடுவார்கள். கனமான பயிற்சியாளர் தன் பங்குக்குத் தொளதொள உடை போட்டு வருவார். ஆக லூசான உடை தேவைப்படுவது அவருக்கு. நம் வாசகியின் அம்மா நியாயமாக அந்த யோசனையைப் பயிற்சியாளரின் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த லூஸ் மோகம் நம் ஊர் சரக்கு மட்டுமல்ல. ஆரம்பக் காலத்தில் மெக்கானிக் போடுகிற மாதிரி ராணுவ மேலுடையைப் போட்டுக்கொண்டு குதித்தார்கள். 1970-களில் நம் ஹீரோக்கள் பெல்பாட்டம் போட்டுத் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் ஆகாயத்திலும் அதே பெல்பாட்டம். கைக்குக் கீழே வௌவால் இறக்கை மாதிரி துணி, காலில் ரெண்டு ஆள் நுழைகிற அகலம். எத்தனை மெதுவாக விழலாம் என்பதில் போட்டி. அப்புறம் பலர் கை கோத்து ஆகாயத்தில் கோலம் போடுகிற விளையாட்டு வளர்ந்தது. அதற்குத் தேவைப்பட்டது எல்லோரும் ஒரே வேகத்தில் விழுவது. துணியைக் குறைத்து ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்க ஆரம்பித்தார்கள். குண்டானவருக்குப் பருத்தி கலந்த முரட்டுத் துணி, தாராளமான கை. ஒல்லியானவருக்கு வழவழப்பான நைலான், உடம்போடு ஒட்டிய தையல். இரண்டு பேரையும் ஒரே உயரத்தில் நிறுத்துவது டெய்லர்.

அழகான ஏற்பாடு என்று நினைக்கிறேன். தரையில் நாம் போடுகிற உடை எல்லாம் நம்மைப் பக்கத்து ஆளிடமிருந்து வித்தியாசப்படுத்திக் காட்டத்தான். இது ஒன்றுதான் பக்கத்து ஆளுக்குச் சமமாக்கத் தைக்கப்படுகிறது.

இப்போது படங்களுக்கு வருகிறேன்.

முதல் படம்: கருப்பில் ஆரஞ்சுக் கோடு, முழங்காலுக்குக் கீழே அகலம், முழங்கைக்கு மேலே உப்பல். பார்க்க ஜோராக இருக்கிறது. இது நின்றபடியும் உட்கார்ந்தபடியும் தலைகீழாகவும் பறக்கிறவர்கள் போடுவது. நின்றபடி விழும்போது காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைவு, வேகம் மிக அதிகம். அவர்களுக்குக் கை காலில் கொஞ்சம் துணி வேண்டும், பிடிமானத்துக்கு. முதல் குதிப்புக்குப் போகிற 45 கிலோ மாணவிக்கு இதைவிடத் தப்பான உடை அந்தப் புத்தகத்தில் வேறு இருக்காது. நீளக் குறைவான உடம்பில் அந்த அகலம் இன்னும் அதிகமாகவே வேலை செய்யும். நிராகரிக்கிறேன்.

இரண்டாவது: பாம்புச் சட்டை மாதிரி இறுக்கம், காலில் ஷூவை மூடும் உறை. 'இறுக்கம்தானே நல்லது என்றீர்கள்' என்று நீங்கள் கேட்கலாம். இறுக்கம் சரி, அந்தக் கால் உறைதான் உதைக்கிறது. அது கோலம் போடும் அணிக்காரர்கள் சமாசாரம். காலுக்குத் துடுப்புக் கட்டிய மாதிரி. காலை லேசாக நீட்டினால் சர்ரென்று முன்னே போகும், ஒரு கால் கோணினால் உடம்பு சுழலும். தன் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலையில்தான் எல்லோரும் முதல் பத்துக் குதிப்பைச் செய்கிறார்கள். அவர்களுக்குத் துடுப்பு வேண்டாம். தரை இறங்கும்போது வழுக்கவும் செய்யும்.

அப்படியானால் எது? மூன்றாவதாக, உங்கள் படத்தில் இல்லாத ஒன்று. முன்பக்கம் வழவழப்பான நைலான். கையிலும் பக்கவாட்டிலும் நீள்கிற துணி. உடம்போடு ஒட்டினாலும் கையைத் தலைக்கு மேல் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து எழ முடிய வேண்டும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் படபடக்காமல் பிடிப்பு. முழங்காலிலும் பின்பக்கத்திலும் கெட்டித் துணி ஒட்டு, ஏனென்றால் ஆரம்பத்தில் பாதி இறக்கங்கள் உட்கார்ந்த நிலையில்தான் முடியும். தோளிலும் தொடைப் பக்கத்திலும் துணியைச் சுருட்டித் தைத்த கைப்பிடிகள். இந்தக் கைப்பிடி முக்கியம். பயிற்சியாளர்கள் உங்களைப் பிடிப்பது அதில்தான். ஜிம்முக்குப் போடுகிற லெக்கிங்ஸ் இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று அதோடு போய் நிற்காதீர்கள். அதில் பிடிக்க எதுவும் இல்லை.

லூசுக்கு எதிராக இன்னொரு காரணம் உண்டு, வேகத்தைவிடப் பெரிய காரணம். பாராசூட்டை விரிக்கிற பிடி முதுகுப் பையின் அடியில், வலது இடுப்புக்குப் பின்னால் இருக்கும். கண்ணால் பார்க்க முடியாது. கை தானாகத் தேடிப் போக வேண்டும். மார்பில் இரண்டு பிடிகள்: வலது பக்கம் கோளாறான குடையைக் கழற்றிவிட, இடது பக்கம் மாற்றுக் குடையைத் திறக்க. காற்று புகுந்து உப்பிய துணி இவற்றில் எதை வேண்டுமானாலும் மூடும். பிடி என்று நினைத்துச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் விநாடிக்கு 170 அடி போய்க்கொண்டிருக்கும். பட்டன் போடாத ஜாக்கெட்டும் வெளியே தொங்கும் டி-ஷர்ட்டும் குதிக்கிற இடத்தில் தடை செய்யப்படுவது இதனால்தான்.

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த ஞானம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் பனை மரத்துக்குப் பஞ்சமில்லை. எந்தப் பனையேறியாவது கைலியைத் தொங்கவிட்டுக்கொண்டு மரம் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? தார்ப்பாய்ச்சிக் கட்டி, நுனி எங்கேயும் தொங்காமல் செருகிக்கொண்டுதான் தளையில் கால் வைப்பார். நாற்று நடுகிற பெண்கள் புடவையை ஏற்றிச் செருகிக்கொள்வதும் இதே கதைதான். நம் ஊரில் வேலைக்கான உடை எப்போதுமே கட்டி நிறுத்தப்பட்டதுதான். லூசு என்பது திண்ணையில் உட்கார.

இந்த இடத்தில் ஷீத்தல் மஹாஜனைச் சொல்ல வேண்டும். புனேக்காரர். 2004 ஏப்ரலில் தன் வாழ்க்கையின் முதல் குதிப்பையே வட துருவத்தில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தவர். ஒத்திகைக் குதிப்பு ஒன்றுகூட இல்லை. 2006-ல் அண்டார்டிகா. 2011-ல் பத்மஸ்ரீ. (அவருக்கு முன்னால் 2002-ல் வட துருவத்தில் குதித்த ரயில்வே ஊழியர் ரேச்சல் தாமஸை நாம் இன்னும் சீக்கிரமாக மறந்துவிட்டோம்.) ஷீத்தல் 2018 பிப்ரவரியில் தாய்லாந்தின் பட்டாயாவில் 13,000 அடியிலிருந்து மராட்டிய நவ்வாரிப் புடவையில் குதித்தார். படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

நான் படித்த செய்திகளில் எல்லாம் புடவையின் நீளம், 8.25 மீட்டர், தவறாமல் இருந்தது. 'புடவையில் ஒரு புரட்சி' என்கிற தொனியும் இருந்தது. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. அவர் தேர்ந்தெடுத்தது நவ்வாரி. நம் மடிசார் மாதிரி ஒன்பது கஜம், கால்களுக்கு நடுவே கொண்டுபோய்ப் பின்னால் செருகிக் கட்டுவது. இரண்டு காலும் தனித்தனியாக இயங்கும். அதன் மேல் பாராசூட் பட்டைகள் தொடையையும் மார்பையும் இறுக்கிப் பிடிக்கும். ஆறு கஜத்தைப் பாவாடையோடு கொசுவம் வைத்துக் கட்டியிருந்தால் கதையே வேறு. தொடைப் பட்டையை எங்கே மாட்டுவது? அப்போதே அவருக்கு நூற்றுக்கணக்கான குதிப்புகளின் அனுபவம் வேறு இருந்தது. புடவையைப் பாராட்டியவர்களும் கேலி செய்தவர்களும் அதை அலங்காரமாகவே பார்த்தார்கள். அவர் பார்த்தது கட்டு. பள்ளிகளில் பொதுவில் தொங்குகிற, நூறு பேர் போட்டு நைந்த தொளதொள மாணவர் சூட்டைவிட, ஒழுங்காகக் கட்டிய நவ்வாரி பொறியியல் ரீதியில் மேல் என்றுகூடச் சொல்வேன். அதற்காக மடிசாரோடு கிளம்பிவிட வேண்டாம். ஒன்பது கஜத்தில் ஒரு முழம் அவிழ்ந்தால் என்ன செய்வது என்பது ஆயிரம் அடி கற்றுத் தெரிந்தவர்களுக்கான பாடம்.

அந்த மாணவர் சூட் பற்றி எனக்குப் புகார் உண்டு. பெரும்பாலும் ஐரோப்பிய ஆண் உடம்புக்கு வெட்டியவை. சின்ன அளவு என்று எழுதியிருப்பதே நம் பெண்களுக்கு இரவல் வாங்கிய சட்டை. பயிற்சியாளரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: 'இருப்பதிலேயே சின்னது வேண்டும், தொளதொளப்பைப் பட்டையாலோ டேப்பாலோ ஒட்டித் தர முடியுமா?' எடையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஒல்லிகள் வெட்கப்பட்டு மூன்று நான்கு கிலோ கூட்டிச் சொல்வது நம் ஊர் வழக்கம். பெண் பார்க்கிற இடத்தில் அதற்கு மன்னிப்பு உண்டு. இங்கே அந்த எண்ணை வைத்துத்தான் பயிற்சியாளரை முடிவு செய்வார்கள், குடையின் அளவையும் முடிவு செய்வார்கள். ஒல்லியான ஆளுக்குப் பெரிய குடை கொடுத்தால் காற்றில் முன்னேறாமல் பின்னோக்கிப் போவார்.

'எடை குறைவாக இருந்தால் ஈயக் குண்டு பெல்ட் கட்டிக்கொள்ளலாமாமே?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டிக்கொள்கிறார்கள், அனுபவசாலிகள். கீழே இறங்கும்போதும் அந்த ஈயம் உங்களோடுதான் இறங்கும். உங்கள் முழங்கால்தான் வாங்கிக்கொள்ளும். கடலோரத்தில் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. முதலில் துணியைக் குறைத்து, உடம்பை வளைக்கக் கற்றுக்கொண்டு, அதற்கும் போதவில்லை என்றால் பயிற்சியாளரே சொல்லட்டும்.

உண்மையில் என் பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். அளவெடுத்துத் தைக்கும் ஜம்ப்சூட் சில பத்தாயிரம் ரூபாய் விழுங்கும். உங்கள் விழும் வேகம் என்ன என்று உங்களுக்கே தெரியாதபோது டெய்லருக்கு எப்படித் தெரியும்? முதல் லைசென்ஸுக்கு 25 குதிப்பு ஆகும். அதற்குள் தெரிந்துவிடும். முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் ஹைதராபாத்தில் செங்குத்துக் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் கீழிருந்து காற்றை அடித்து மிதக்கவிடுவார்கள். ஒல்லிகளுக்குக் காற்றின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். இயக்குபவர் உங்களுக்கு எவ்வளவு குறைக்கிறார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லூசான சூட், இறுக்கமான சூட் இரண்டிலும் பறந்து பாருங்கள். நான் மேலே போட்ட கணக்கைவிட அந்த ஐந்து நிமிடம் தெளிவாகச் சொல்லும்.

மிச்சப்படுகிற பணத்தையும் கவனத்தையும் வேறு இடத்தில் செலவழிக்க வேண்டும். 2014-ல் சேலத்தில் பயிற்சிக் குதிப்புக்கு வந்த ஓர் இளம்பெண் பாராசூட் விரியாமல் இறந்துபோனார். அவர் என்ன உடை போட்டிருந்தார் என்பது ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் போகிற பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள்: மாற்றுக் குடையைக் கடைசியாக யார், எப்போது மடித்தார்கள்? அதற்கான சீட்டைக் காட்டுவார்களா? நீங்கள் மயங்கிவிட்டாலும் குறிப்பிட்ட உயரத்தில் தானே மாற்றுக் குடையைத் திறக்கும் கருவி, 1991-ல் சைப்ரஸ் என்ற பெயரில் ஜெர்மனியிலிருந்து வந்ததே, அந்த வகைக் கருவி பையில் இருக்கிறதா? கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற பள்ளிக்குப் போகாதீர்கள், அது எத்தனை மலிவாக இருந்தாலும். ஜம்ப்சூட் படத்தை இரண்டு மாதம் ஆராய்ந்தவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விமானம் ஏறுவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

25 குதிப்பும் முடித்து, தைக்கக் கொடுக்கிற நாள் வந்தால் ஒரு யோசனை. அளவு எடுக்கும்போது உள்ளே போடப்போகிற துணியோடு நில்லுங்கள். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி வீதம் வெப்பம் குறையும். கீழே 36 டிகிரி என்றால் 13,000 அடியில் 10 டிகிரிதான். உடம்பில் கொழுப்பில்லாதவர்களுக்கு அது நடுக்கும். உள்ளே மெல்லிய முழுக்கைப் பனியன் போதும். ஸ்வெட்டர் வேண்டாம், மறுபடியும் உப்பிவிடுவீர்கள். அளவுப் பட்டியலில் நம் டெய்லர் கேட்காத இடத்தை எல்லாம் கேட்டிருப்பார்கள்: முழங்கைச் சுற்று, தோளிலிருந்து கவட்டை வழியாக மறுபடி தோள், இப்படி. தனியாக எடுக்க முடியாது. அம்மாவையே எடுக்கச் சொல்லுங்கள். டேப்பை 'ரெண்டு விரல் விட்டு'ப் பிடிப்பார், பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றிக் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். பச்சையும் காக்கியும் வேண்டாம். எல்லோருமே ஒரு நாள் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ இறங்குகிறவர்கள்தான். சவுக்குத் தோப்பிலோ கரும்புக் காட்டிலோ உட்கார்ந்திருக்கும் 45 கிலோ பெண்ணைத் தேடி வருகிறவர்களுக்குத் தூரத்திலேயே தெரிகிற மாதிரி, நல்ல சிவப்பு அல்லது மஞ்சள்.